இரண்டு சில்லு, ஒரு கறுப்புக் கோடு: மலையகத்து வீட்டிலிருந்தே ரோபோவுக்கு நிரல் எழுதப் பழகுதல்

கொழும்பில் இருப்பவரின் சென்சர் எரிந்தால் அன்று மாலையே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். மஸ்கெலியாவிலோ அப்புத்தளையிலோ இருப்பவருக்கு அது கூரியரில் வந்துசேர நாட்கள் போகும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் அந்தக் கணக்கும் தப்பும். அதனால் இந்த வழிகாட்டி ஒரே ஒரு ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு போகிறது: ஒரு பாகத்தைத் தனியாகச் சோதித்து, அது சொன்னபடி கேட்கிறது என்று கண்ட பிறகே அடுத்ததை அதனோடு சேர்ப்பது. முதல் ரோபோவைப் படுத்துவது பெரும்பாலும் நிரல் அல்ல, மின்சாரம். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பூட்டி ஓட்டினால் எது எதனால் என்று பிரித்தறிய வழியே இருக்காது.

செய்யப்போவது இரண்டு சில்லில் ஓடி, வெள்ளை பிரிஸ்டல் போர்டில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தொடர்ந்து போய், முன்னால் தடை கண்டால் நிற்கும் ரோபோ. சின்னதுதான். ஆனால் நிரலாக்கத்தில் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை முக்கால்வாசி இதற்குள் வந்துவிடும்.

வாங்க வேண்டியவை

- ஆர்டுயினோ ஊனோ போர்டு 1 (நிரலை ஏற்றி ஓட்டும் மூளை இதுதான்), யூஎஸ்பி கேபிளோடு. விலை குறைந்த பிரதி போர்டே போதும்.
- இரண்டு சில்லு உடற்சட்ட செட் 1: அக்ரிலிக் தட்டு, மஞ்சள் நிற டிடி கியர் மோட்டர் 2 (1:48), சில்லு 2, தாங்கி உருளும் சின்னச் சில்லு 1.
- எல்298என் மோட்டர் டிரைவர் 1 (ஊனோ சொல்வதைக் கேட்டு, பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்குக் கொடுக்கும் போர்டு).
- டிசிஆர்டி 5000 கோட்டுச் சென்சர் 2. அனலாக் வெளியீடு (கறுப்பு, வெள்ளை என்று மட்டும் சொல்லாமல் இடைப்பட்ட அளவையும் தருவது) உள்ள, நான்கு கால் (வயர் மாட்டும் முனை) மொடியூலாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே ஒன்று மேலதிகமாக இருக்கட்டும்.
- எச்சி-எஸ்ஆர்04 தூரச் சென்சர் 1.
- 18650 லித்தியம் செல் 2, இரண்டையும் தொடராக இணைக்கும் ஹோல்டர், உரிய சார்ஜர், ஒரு சுவிட்ச்.
- ஜம்பர் வயர் ஆண்-பெண் 20, ஆண்-ஆண் 20.
- 10 கிலோ ஓம் தடையி 2, 0.1 மைக்ரோஃபரட் செரமிக் கொள்ளளவி 2 (மேலே 104 என்று அச்சிட்டிருக்கும்).
- சாதாரண மல்டிமீட்டர் 1.

மல்டிமீட்டரைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் போதாவிட்டால் தூரச் சென்சரைப் பிறகு வாங்கலாம், மீட்டரை முதலில் வாங்குங்கள். மோட்டர்கள் பெரும்பாலும் வயர் இல்லாமலே வரும். அவற்றின் செப்புக் காதுகள் மெல்லியவை, இரண்டு தடவை வளைத்தால் உடைந்துவிடும். சோல்டர் அயன் இல்லாதவர்கள் பக்கத்து டவுனில் போன் திருத்தும் கடைக்காரரிடம் கொடுத்தால் நான்கு இடத்தையும் சில நிமிடத்தில் பற்றவைத்துத் தருவார். அந்த 104 கொள்ளளவிகளையும் கொண்டுபோய், ஒவ்வொரு மோட்டரின் இரு காதுக்கும் குறுக்கே ஒன்று வைக்கச் சொல்லுங்கள். மோட்டர் கிளப்பும் மின்னிரைச்சல் போர்டைக் குழப்பாமலிருக்க அது உதவும்.

இன்னும் வலுவான போர்டுகள் இருக்கும்போது ஊனோ எதற்கு? ஊனோ 5 வோல்டில் ஓடுகிறது, இங்கே வாங்கும் சென்சர்களும் 5 வோல்ட். ஈஎஸ்பி32 வேகமானதுதான், ஆனால் அது 3.3 வோல்ட் போர்டு. எச்சி-எஸ்ஆர்04 திருப்பி அனுப்பும் 5 வோல்டை நேரே அதன் காலில் கொடுத்தால் சிப் கெடக்கூடும். முதல் ரோபோவுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

பார்சல் வரும்வரை

டிங்கர்கேட் சர்க்கிட்ஸ், வோக்வி இரண்டும் பிரவுசரிலேயே ஊனோவை ஓட்டிக் காட்டும் இலவசத் தளங்கள். சிக்னல் உள்ள இடத்தில் உட்கார்ந்து எல்ஈடி ஒன்றை மினுக்குங்கள், பட்டனை அழுத்தினால் அணைய வையுங்கள், தூரச் சென்சரின் எண்ணைத் திரையில் காட்டுங்கள். பிறகு ஆர்டுயினோ ஐடிஈ மென்பொருளை ஒரு தடவை இறக்கி நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் எழுதலாம், போர்டில் ஏற்றலாம். கணினி இல்லாத வீட்டில் அன்ட்ராய்ட் போனும், அதில் யூஎஸ்பி சாதனம் மாட்டும் ஓடிஜி கேபிளும் இருந்தால் ஆர்டுயினோட்ராய்ட் செயலி அந்த வேலையைச் செய்யும். சின்னத் திரையில் நீண்ட நிரல் எழுதுவது கண்ணைப் பிடுங்கும் என்பது உண்மைதான்.

சாதாரண தரத்தில் பாஸ்கலும் உயர்தரத்தில் பைத்தனும் படித்தவர்களுக்கு மாறி, நிபந்தனை, லூப் எதுவும் புதிதல்ல. எழுதும் முறைதான் வேறு. ஆர்டுயினோ நிரலில் இரண்டு பகுதி கட்டாயம்: ‘செட்டப்’ ஒரே ஒரு தடவை ஓடும், ‘லூப்’ மின்சாரம் இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும். கட்டளைகளின் பெயரை இங்கே ஒலிப்பில் தருகிறோம், கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பின்மோட், டிஜிட்டல்ரைட் போன்றவற்றில் இரண்டாம் சொல்லின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக வரும். அது சிறிதானாலும், வரி முடிவில் அரைப்புள்ளி விடுபட்டாலும் நிரல் ஏறாது.

போர்டு வந்ததும் வேறெதையும் பூட்டாமல் எல்ஈடி மினுக்கும் உதாரணத்தை ஏற்றிப் பாருங்கள். ஏறாவிட்டால் இந்த வரிசையில் தேடுங்கள். கேபிள் சார்ஜ் மட்டும் செய்கிற வகையா? போனின் படங்களை அந்தக் கேபிளால் கணினிக்கு எடுக்க முடிந்தால் கேபிளில் குறையில்லை. பிரதி போர்டில் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப் இருந்தால் அதன் டிரைவர் மென்பொருள் கணினியில் நிறுவப்பட்டிருக்கிறதா? மெனுவில் போர்டும் போர்ட் எண்ணும் சரியா? 0, 1 ஆம் கால்களில் ஏதாவது வயர் இருக்கிறதா? நிரல் அந்த இரண்டு கால் வழியாகத்தான் ஏறுகிறது, ஏற்றும்போது அவை வெறுமையாக இருக்க வேண்டும்.

மின்சாரம்

சதுரமான 9 வோல்ட் பற்றரியை மோட்டருக்குக் கொடுக்காதீர்கள். படங்களில் எல்லாரும் அதைத்தான் பூட்டியிருப்பார்கள், அழகாகவும் இருக்கும். ஆனால் சில்லு சிக்கி நிற்கும்போது ஒரு டிடி மோட்டர் ஏறத்தாழ 1 அம்பியர் வரை இழுக்கும். அந்தப் பற்றரியால் அவ்வளவு கொடுக்க முடியாது. வோல்ட் சரியும், போர்டு அணைந்து மறுபடி தொடங்கும், மோட்டர் மறுபடி இழுக்கும். ரோபோ விக்கல் எடுத்ததுபோல் துடித்துக்கொண்டு நிற்கும். நிரலில் பிழை தேடி இரவு போய்விடும்.

நான்கு டோர்ச் பற்றரியும் இங்கே பற்றாது. எல்298என் தன் பங்குக்கு ஏறத்தாழ 2 வோல்டைச் சூடாக்கி விழுங்கிவிடும். 6 வோல்ட் கொடுத்தால் மோட்டருக்கு 4 தான் போகும். பனிக் காலையில் பற்றரியின் உட்தடை கூடுவதால் இன்னும் குறையும். இரண்டு 18650 செல் தொடராக இருந்தால் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட், சாதாரணமாக 7.4. இரண்டைக் கழித்தால் மோட்டருக்கு 5.4 முதல் 6.4 வரை. டிடி மோட்டர் 3 முதல் 6 வோல்ட் வகை, பொருத்தம் சரி.

18650 செல்லில் 9800 மில்லியம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது பொய். இந்த அளவுச் செல்லில் நல்லது கிட்டத்தட்ட 3500 வரைதான் தரும். ஒரு செல் 3 வோல்டுக்குக் கீழே இறங்கினால் கெடும். அதைக் காக்கத்தான் அந்த இரண்டு 10 கிலோ ஓம் தடையிகள். பற்றரியின் நேர்முனைக்கும் கிரவுண்டுக்கும் (எதிர்முனை சேரும் பொது இணைப்பு) நடுவே இரண்டையும் தொடராக வைத்து, அவை சேரும் இடத்தை ஏ5 காலில் கொடுங்கள். காலுக்குப் பாதி வோல்ட் வரும். காலிலுள்ள வோல்டை 0 முதல் 1023 வரையான எண்ணாகத் தரும் அனலாக்ரீட் கட்டளை 8.4 க்கு ஏறத்தாழ 859 காட்டும், 6.4 க்கு ஏறத்தாழ 655. எண் 655 க்குக் கீழே போனால் மோட்டரை நிறுத்தி 13 ஆம் காலின் எல்ஈடியை மினுக்கச் சொல்லுங்கள். மோட்டர் ஓடும்போது வோல்ட் ஒரு கணம் சரிந்து எழும், அதனால் ஒரே அளவீட்டை நம்பாமல் பத்தின் சராசரியை எடுக்க வேண்டும். செல்லைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். ஏப்ரல், ஒக்டோபர் மாதப் பின்னேர இடிமழையில் சார்ஜரையும் கணினி வயரையும் பிளக்கிலிருந்து கழற்றி வையுங்கள்.

வயர் இணைப்பு

பற்றரியின் நேர்முனை சுவிட்ச் வழியாக இரண்டாகப் பிரியட்டும்: ஒன்று எல்298என்னின் 12 வோல்ட் திருகுக்கு, மற்றது ஊனோவின் ‘வின்’ காலுக்கு. எதிர்முனை எல்298என்னின் கிரவுண்டுக்கு, அங்கிருந்து ஊனோவின் கிரவுண்டுக்கு. இந்தக் கடைசி வயர்தான் பலருக்கு விடுபடுவது. இரண்டு போர்டுக்கும் கிரவுண்ட் பொதுவாக இல்லாவிட்டால் ஊனோ அனுப்பும் சமிக்ஞைக்கு அளவுகோலே இருக்காது, மோட்டர் ஓடாது அல்லது கண்டபடி ஓடும். எல்298என்னிலுள்ள 5 வோல்ட் திருகை ஊனோவின் 5 வோல்டோடு இணைக்க வேண்டாம். ஊனோ ‘வின்’ வழியாகவே தனக்குத் தேவையான 5 வோல்டை ஆக்கிக்கொள்கிறது.

சமிக்ஞை வயர்கள்: ஈஎன்ஏ 5 ஆம் காலுக்கு, ஈஎன்பி 6 ஆம் காலுக்கு, ஐஎன்1 ஏழுக்கு, ஐஎன்2 எட்டுக்கு, ஐஎன்3 ஒன்பதுக்கு, ஐஎன்4 பத்துக்கு. ஊனோவில் 3, 5, 6, 9, 10, 11 ஆகிய கால்களில் மட்டுமே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடபிள்யூஎம் வரும். வேகத்துக்கு 5, 6 ஐ எடுத்ததற்கும் காரணம் உண்டு. பின்னால் சர்வோ மோட்டர் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பது) ஒன்று சேர்த்தால் சர்வோ நூலகம் 9, 10 ஆம் கால்களின் பிடபிள்யூஎம்மை முடக்கிவிடும்.

ஈஎன்ஏ, ஈஎன்பி மீது சின்னக் கறுப்புத் தொப்பி ஒன்று மாட்டியிருக்கும். இரண்டையும் கழற்றுங்கள். அது இருக்கும்வரை மோட்டர் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். கழற்றினால் இரண்டு கம்பி தெரியும், ஒன்று 5 வோல்ட். ஐஎன்1, ஐஎன்2 வரிசையோடு நேராக இருக்கும் கம்பியில்தான் உங்கள் வயர் போக வேண்டும். மீட்டரால் ஒரு தடவை பார்த்துவிட்டே பூட்டுங்கள்.

முதலில் மோட்டர் மட்டும்

ரோபோவை ஒரு பிஸ்கட் டின் மேல் ஏற்றிச் சில்லு இரண்டும் காற்றில் நிற்கும்படி வையுங்கள். மேசையிலிருந்து பாய்ந்து விழுந்த ரோபோக்கள் ஏராளம்.

இடது மோட்டர் முன்னே சுழல ஐஎன்1 ஐ ‘ஹை’, ஐஎன்2 ஐ ‘லோ’ ஆக்கி, ஈஎன்ஏக்கு அனலாக்ரைட் மூலம் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். இந்த மூன்று வரியை அப்படியே நிரல் முழுக்க நகலெடுக்காதீர்கள். இடது வேகம், வலது வேகம் என்று இரண்டு எண் வாங்கும் ‘ஓட்டு’ என்ற ஒரே செயற்கூற்றை எழுதுங்கள் (அந்தப் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்). எண் நேரானால் முன்னே, எதிரானால் பின்னே, 255 ஐத் தாண்டினால் 255. இனி நிரலின் எந்த மூலையிலும் மோட்டரைத் தொடுவது இது ஒன்றுதான். ஒரு சில்லு தலைகீழாகச் சுற்றினால் அந்த மோட்டரின் இரு வயரையும் மாற்றிப் போடுங்கள்; நிரலைத் திருத்த வேண்டாம்.

இப்போது ரோபோவைத் தரையில் இறக்கி, வேகத்தை 0 இலிருந்து ஐந்து ஐந்தாகக் கூட்டி, எந்த எண்ணில் அசைகிறது என்று பாருங்கள். 60 க்கும் 90 க்கும் இடையில் எங்காவது அசையும். அதற்குக் கீழே மோட்டர் கீச்சிடும், நகராது. அந்த எண்ணை எழுதி வையுங்கள், கோட்டில் ஓட்டும்போது தேவைப்படும். இரண்டுக்கும் 150 கொடுத்தாலும் ரோபோ ஒரு பக்கம் வளைந்தே போகும். ஒரே பெட்டியிலிருந்து வந்த இரண்டு மோட்டரும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. வேகமானதை 0.93 போன்ற ஓர் எண்ணால் பெருக்கி ‘ஓட்டு’க்குள்ளேயே சரிசெய்யுங்கள். முழு நேராக்க மெனக்கெட வேண்டாம், மிச்சத்தைக் கோடு பார்த்துக்கொள்ளும். ஆனால் சோதனைக்குத் தரையைத் தேர்ந்தெடுங்கள். லயன் வீட்டுச் சிமெந்துத் தரையில் சிறு சரிவு இருந்தால் மோட்டரைக் குற்றம் சொல்லி ஏமாறுவீர்கள். ஒரே தூரத்தைப் போகும் திசையிலும் வரும் திசையிலும் ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரியும்.

கோட்டைப் பார்ப்பது

இரண்டு டிசிஆர்டி 5000 ஐயும் முன்பக்கத்தில், நிலத்திலிருந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்தில் பொருத்துங்கள். உயர்ந்துபோனால் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். கறுப்பு டேப்பின் அகலம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். சென்சர்களின் நடுவுக்கு நடு அதே இடைவெளி இருக்கட்டும், அப்போது ஒவ்வொன்றும் கோட்டின் ஒரு விளிம்பில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக நிற்கும். அனலாக் வெளியீட்டில் இடதை ஏ0, வலதை ஏ1 இல் கொடுங்கள்.

எந்த நிபந்தனையும் எழுதுவதற்கு முன் எண்களைப் பாருங்கள். சீரியல் மொனிட்டரில் (போர்டு அனுப்பும் எண்களைக் கணினித் திரையில் காட்டும் சாளரம்) இரண்டு அளவையும் அச்சிட்டுக்கொண்டு, சென்சரை வெள்ளையிலும் கறுப்பிலும் மாறி மாறி வையுங்கள். வெள்ளையில் 80, கறுப்பில் 800 என்கிற மாதிரி நல்ல இடைவெளி வர வேண்டும். சில மொடியூலில் தலைகீழாகவும் வரும், அப்படியானால் 1023 இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். 

இடைவெளி சின்னதாக வந்தால் முதலில் கோட்டையே சந்தேகியுங்கள். மாக்கர் பேனாவின் கறுப்பு நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. பல மைகள் அகச்சிவப்பு ஒளியை விட்டுவிடும், சென்சருக்கு அது வெள்ளைத்தாள். பளபளக்கும் டேப்பும் ஒளியைத் திருப்பியடிக்கும், மங்கலான டேப் நல்லது. அடுத்த சந்தேகம் வெயில். சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறைய உண்டு. மூடுபனியில் ஒழுங்காக ஓடிய ரோபோ, பனி விலகி யன்னல் வழியே வெயில் விழுந்ததும் தடுமாறினால் நிரலைத் தொடாதீர்கள், யன்னலை மூடுங்கள். நிரந்தரத் தீர்வு: ரோபோவைத் தொடக்கியதும் ஐந்து விநாடி கையால் கோட்டுக்குக் குறுக்கே ஆட்டி, ஒவ்வொரு சென்சரும் கண்ட மிகச் சிறிய, மிகப் பெரிய எண்ணைப் பதிந்து, ‘மேப்’ கட்டளையால் அதை 0 முதல் 1000 ஆக மாற்றிக்கொள்வது. இடம் மாறினாலும் நிரலை மாற்ற வேண்டியிருக்காது. விறகடுப்பு உள்ள வீட்டில் சென்சரின் முகத்தைப் பஞ்சால் இடைக்கிடை துடையுங்கள்.

பின்தொடர்வது

கறுப்பு இடதில் தெரிந்தால் இடப்பக்கம் திரும்பு, வலதில் தெரிந்தால் வலப்பக்கம் திரும்பு என்று எழுதினாலே ரோபோ ஓடும். ஆனால் குடித்தவர் நடப்பதுபோல் ஆடி ஆடிப் போகும். திரும்பினால் முழுதாய்த் திரும்புவது, இல்லாவிட்டால் திரும்பவே மாட்டேன் என்பது அதன் குணம். விலகின அளவுக்கு மட்டும் திருப்பினால் ஆட்டம் அடங்கும்.

விலகல் என்பது இடது எண்ணிலிருந்து வலது எண்ணைக் கழித்து வருவது. நடுவில் இருந்தால் 0. கோடு இடப்பக்கம் போனால் நேர் எண், வலப்பக்கம் போனால் எதிர் எண். கேபி என்பது எவ்வளவு பலமாகத் திருப்புவது என்று நாம் வைக்கும் எண். இடது வேகம் = அடிப்படை வேகம் − கேபி × விலகல். வலது வேகம் = அடிப்படை வேகம் + கேபி × விலகல். அடிப்படை 120, கேபி 0.05 என்று தொடங்குங்கள். வளைவில் கோட்டை விட்டுப் போனால் கேபியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நேர்கோட்டிலும் ஆடத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். பிறகு இரண்டாம் உறுப்பு: இப்போதைய விலகலிலிருந்து முந்தைய விலகலைக் கழித்து, கேடி என்ற எண்ணால் பெருக்கி, கேபி × விலகலோடு சேருங்கள். ரோபோ நடுவை நோக்கி வேகமாக வரும்போது அது முன்கூட்டியே தளர்த்தும். கேடியைக் கேபியைப் போல ஐந்து மடங்கில் தொடங்கிக் கூட்டிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஓர் எண்ணை மட்டும் மாற்றி, என்ன மாற்றினீர்கள், என்ன நடந்தது என்று கொப்பியில் எழுதுங்கள்.

இரண்டு சென்சரும் வெள்ளை காட்டினால் விலகல் 0 ஆகும், கோட்டைத் தொலைத்த ரோபோ எல்லாம் சரி என்று நேரே போய்விடும். ஆகவே இரண்டு எண்ணும் 200 க்குக் கீழே இறங்கினால் கடைசியாகக் கோடு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டு தேடச் சொல்லுங்கள்.

ஊனோவில் ‘இன்ட்’ வகை மாறி 32767 வரைதான் கொள்ளும். தசமத்தைத் தவிர்க்கக் கேபியை 50 என்று வைத்து 1000 உடன் பெருக்கினால் 50000. எண் உருண்டு எதிராகிவிடும், ரோபோ கூர்மையான வளைவில் மட்டும் எதிர்ப்பக்கம் பாயும். ‘ஃப்ளோட்’ அல்லது ‘லோங்’ பாவியுங்கள். நேரம் எண்ணும் மில்லிஸை ‘இன்ட்’டில் வைத்தவர்களின் ரோபோ 32 விநாடி ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு பைத்தியமாகும். அதற்கு ‘அன்சைன்ட் லோங்’ வேண்டும்.

தடை கண்டு நிற்பது

எச்சி-எஸ்ஆர்04 இன் ‘டிரிக்’ 11 இல், ‘எக்கோ’ 12 இல். டிரிக்குக்கு 10 மைக்ரோவிநாடி துடிப்பு கொடுத்து, பல்ஸ்இன் கட்டளையால் எதிரொலியின் நேரத்தை எடுத்து, 58 ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். உயரமான இடத்தில் காற்று மெலிந்திருப்பதால் கணக்கு மாறுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒலியின் வேகத்தை மாற்றுவது வெப்பநிலைதான், உயரம் அல்ல. நுவரெலியாவின் 15 பாகை செல்சியஸில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர், கொழும்பின் 30 பாகையில் 349. ஒரு மீட்டரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம், 15 சென்டிமீட்டரில் நிற்க வேண்டிய ரோபோவுக்கு அது கணக்கில்லை. கட்டிலிலிருந்து தொங்கும் கம்பளிதான் கணக்கு. அது ஒலியை உறிஞ்சும், எதிரொலி வராது, ரோபோ நேரே போய் அதற்குள் புகும். சுவரைச் சாய்வாக அணுகினாலும் அப்படியே.

எதிரொலி வராவிட்டால் பல்ஸ்இன் 0 தரும். அதை 0 சென்டிமீட்டர் என்று எடுத்தால் வெறும் வெளியில் ரோபோ சுவர் கண்டதுபோல் நிற்கும். 0 வந்தால் ‘தூரம்’ என்று கொள்ளுங்கள். இன்னொன்று, பல்ஸ்இன் இயல்பாக 1 விநாடி வரை காத்திருக்கும். அவ்வளவு நேரமும் கோட்டை யாரும் பார்ப்பதில்லை. விநாடிக்கு 40 சென்டிமீட்டர் போகும் ரோபோ அதற்குள் பிரிஸ்டல் போர்டைத் தாண்டிவிடும். மூன்றாவது எண்ணாக 6000 கொடுத்தால் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் காத்திராது. சொன்ன நேரம் முடியும்வரை நிரலை நிறுத்திவைக்கும் ‘டிலே’ கட்டளையும் இதே குருட்டுத்தனம்தான். எல்ஈடியை மினுக்கப் பழகும்போது எழுதிய டிலேயை ஓடும் ரோபோவின் லூப்பில் விட்டுவைக்காதீர்கள். கோட்டைச் சுற்றுக்குச் சுற்று பாருங்கள். தூரத்தை மட்டும், மில்லிஸைப் பார்த்து, 60 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை அளவுங்கள். அதைவிட அடிக்கடி அளந்தால் முந்தைய ஒலியின் எதிரொலி பிந்தி வந்து குழப்பும்.

லூப்பின் வரிசை இதுதான்: பற்றரி, தடை, கோடு. பற்றரி தாழ்ந்திருந்தால் நில். தடை 15 சென்டிமீட்டருக்குள் வந்தால் நில். இரண்டும் இல்லையென்றால் மட்டும் கோட்டைத் தொடர். தடை 15 இல் நிறுத்தி 15 இலேயே விட்டால் எல்லையில் ரோபோ நின்று நின்று துடிக்கும். நிற்பது 15 இல், மறுபடி ஓடுவது 20 க்கு மேல் என்று வையுங்கள். தேநீர்க் கோப்பையைக் கோட்டின் குறுக்கே வைத்து, ரோபோ நின்றதும் எடுங்கள். அது தானாகவே கோட்டில் மீண்டும் போகிறதா பாருங்கள். போனால் அந்தக் கோப்புக்கு அன்றைய திகதியைப் பெயராக வைத்து நகல் ஒன்றை எடுத்துவிட்டு, 3 ஆம் காலில் சர்வோவைப் பூட்டலாம்.